வாசகர் கேள்வி – பதில்: எக்ஸ்கவேட்டர், பிரேக்கர், கிரஷர் வாங்குமுன்

துறைமுகம் ஒரு கோடியிலும் குவாரி இன்னொரு கோடியிலும் இருக்க, நடுவில் நல்ல சாலையும் இல்லாத வளரும் பகுதிகளில் எக்ஸ்கவேட்டர் (மண் தோண்டும் இயந்திரம்), பிரேக்கர் (அதில் மாட்டிப் பாறை உடைக்கும் கருவி), கிரஷர் (கல் நொறுக்கும் இயந்திரம்) வைத்துத் தொழில் செய்யும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சில கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: 20 டன் எக்ஸ்கவேட்டர் புதிதாக வாங்க மூன்று பேரிடம் விலை கேட்டேன். குறைவாகச் சொன்னவரின் கிடங்கு எங்களிடமிருந்து 800 கிலோமீட்டர். வேலை நடக்கும் இடத்திலேயே கொண்டுவந்து இறக்கித் தருவதாகச் சொல்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: இறக்கித் தருவது ஒரு நாள் வேலை. அதன்பிறகு ஓடப்போகும் 10,000 மணி நேரத்துக்கு அவர் என்ன செய்வார் என்று பாருங்கள். அதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. அந்த மாடலின் பார்ட்ஸ் புத்தகத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பார்ட் நம்பர்களை எடுத்து மூவருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். இன்ஜின் ஆயில் ஃபில்டர், இரண்டு டீசல் ஃபில்டர்கள், ஹைட்ராலிக் ரிட்டர்ன் ஃபில்டர், பக்கெட் பல்லும் அதன் பின்னும், ஃபேன் பெல்ட், ஸ்டார்ட்டர் மோட்டார், ஒரு இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுவது), பூம் என்ற பெரிய கையின் சிலிண்டர் சீல் கிட், ஒரு கீழ் ரோலர், ஃபைனல் டிரைவ் ஃப்ளோட்டிங் சீல், மெயின் பம்ப் (ஹைட்ராலிக் எண்ணெயை அழுத்தித் தள்ளுவது). ஒவ்வொன்றும் இன்றைக்கு உங்கள் அலமாரியில் எத்தனை இருக்கிறது, இல்லையென்றால் எத்தனை நாளில் வரும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

ஃபில்டரும் பல்லும் பெல்ட்டும் கையிருப்பில் இருந்தே ஆக வேண்டும். இல்லாதவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். சீல் கிட், ரோலர், சென்சார் போன்றவை ஒரு வாரத்தில் வந்தால் சமாளிக்கலாம். மெயின் பம்ப்பை யாரும் வாங்கி அடுக்கி வைக்க மாட்டார்கள்; அது எந்த ஊர்க் கிடங்கிலிருந்து, விமானத்திலா கப்பலிலா வரும் என்று தெளிவாகச் சொல்பவர் போதும். “எல்லாம் கிடைக்கும் சார்” என்று ஒரே வரியில் பதில் அனுப்புபவரிடம் பெரும்பாலும் எதுவும் இருக்காது.

இன்னும் மூன்று விஷயங்கள். களத்துக்கு வரும் மெக்கானிக்குகள் எத்தனை பேர், அவர்கள் கையில் அந்தப் பிராண்டின் கோளாறு பார்க்கும் மென்பொருள் உரிமத்தோடு இருக்கிறதா என்று கேளுங்கள். இன்றைய இயந்திரம் திரையில் ஒரு கோளாறுக் குறியீட்டைக் காட்டி நின்றுவிட்டால், லேப்டாப் இல்லாமல் வரும் மெக்கானிக் வேடிக்கைதான் பார்ப்பார். அடுத்து, உத்தரவாதம். 12 மாதம் அல்லது 2,000 மணி, எது முந்துகிறதோ அது என்று எழுதியிருந்தால், அந்த 12 மாதம் எந்தத் தேதியில் தொடங்குகிறது? பில் போட்ட தேதி என்றால் இரண்டு மாதம் கடலிலேயே கரைந்துவிடும். இயந்திரத்தை உங்கள் இடத்தில் ஓட்டிக் காட்டிய நாள் என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். மெக்கானிக்கின் பயணச் செலவு யாருடையது என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். 800 கிலோமீட்டர் தூரத்தில் அது சின்னத் தொகை அல்ல.

கடைசியாக, உங்கள் சுற்றுவட்டாரத்தில் அதே மாடல் எத்தனை ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அவசரத்துக்குப் பக்கத்துக் குவாரியில் ஒரு சென்சாரைக் கடன் வாங்கி ஓட்ட முடிகிற வசதி எந்த டீலரும் தராதது. பிராண்ட் பெயரைவிட இதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த பழைய எக்ஸ்கவேட்டர் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. மீட்டரில் 6,000 மணி காட்டுகிறது. பெயின்ட் புதுசு. எதை நம்புவது?

பதில்: பெயின்டையும் மீட்டரையும் கடைசியாகப் பாருங்கள்.

போய்ச் சேர்ந்ததும் முதலில் இன்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளப்பும்போது தெரியும் ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள். மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியதும் வெள்ளைப் புகை சில நிமிடங்களில் அடங்க வேண்டும். நீலம் தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. வேலைச்சூடு வந்தபின் ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்துங்கள். உள்ளிருந்து புஸ்புஸ் என்று வேகமாகக் காற்று அடித்தால் பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன.

அடுத்து, சக்கரத்துக்குப் பதில் இயந்திரம் ஓடும் இரும்புச் செயின். இப்படி ஓடும் டிராக் இயந்திரத்தின் பராமரிப்புச் செலவில் ஏறக்குறைய பாதியை விழுங்குவது அதன் அடிப்பகுதிதான், அதனால் இங்கே அவசரப்படக் கூடாது. 20 டன் வகையில் செயினின் பிட்ச் (அடுத்தடுத்த இரண்டு பின்களுக்கு நடுவே உள்ள தூரம்) பெரும்பாலும் 190 மி.மீ. ஸ்ப்ராக்கெட் (செயினைச் சுற்றும் பல்சக்கரம்) பல்லுக்கும் செயினுக்கும் நடுவே ஒரு பழைய பின்னை வைத்து மெதுவாகப் பின்னோக்கி நகர்த்தினால் மேல் பகுதிச் செயின் விறைப்பாக நிற்கும். அந்த நிலையில் நான்கு லிங்க் நீளத்தை, ஒரு பின்னின் ஓரத்திலிருந்து நான்கு லிங்க் தள்ளியுள்ள பின்னின் அதே ஓரம் வரை டேப்பால் அளங்கள். புதிதில் 760 மி.மீ. இருந்திருக்கும். 3 சதவீதம் நீண்டிருந்தால், அதாவது 783 மி.மீ. அருகே வந்துவிட்டால், உள்ளே பின்னும் புஷ்ஷும் ஆயுளைத் தாண்டிவிட்டன. மாஸ்டர் பின் (செயினின் இரு முனைகளை இணைப்பது) இருக்கும் லிங்கை அளவில் சேர்க்காதீர்கள், இரண்டு பக்கமும் அளங்கள். ஸ்ப்ராக்கெட் பல் கொக்கிபோல் ஒரு பக்கம் சாய்ந்து கூராகியிருந்தால் டேப்பே தேவையில்லை. 6,000 மணி என்று மீட்டர் சொல்ல, செயின் புதுசு, ஸ்ப்ராக்கெட் பழசு என்றால், ஏற்கெனவே ஒரு செட் முடிந்து அரைகுறையாக மாற்றியிருக்கிறார்கள்.

மேல் உடல் சுழல உதவும் ஸ்லூ பேரிங்கைப் பார்க்க, பக்கெட்டைத் தரையில் ஊன்றி முன்பக்கத்தைச் சற்றுத் தூக்குங்கள். இன்னொருவர் மேல் உடலுக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்கட்டும். தூக்கும்போதும் இறக்கும்போதும் அது கண்ணுக்குத் தெரிந்து மாறினால் பேரிங் ஆடுகிறது. கியர் பகுதியின் கிரீஸை விரலில் எடுத்துத் தேயுங்கள். வெயிலில் மின்னினால் அது இரும்புத் துகள்.

ஹைட்ராலிக் எண்ணெய் 50 டிகிரி வந்தபின், பூமையும் அதன் முனையிலுள்ள ஆர்மையும் நீட்டி, பக்கெட்டில் சுமையோடு தூக்கி வைத்து இன்ஜினை நிறுத்துங்கள். கீழே யாரும் நிற்கக் கூடாது. சிலிண்டர் ராடில் சாக்பீஸால் கோடு போட்டு 5 நிமிடம் கழித்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து, மாடலின் கையேட்டு அளவோடு ஒப்பிடுங்கள். பிறகு சமதரையில் 20 மீட்டர் நேராக ஓட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கமாக இழுத்தால் டிராவல் மோட்டார், பம்ப், சென்டர் ஜாயின்ட் (மேல் உடலிலிருந்து கீழே எண்ணெய் போகும் சுழல் இணைப்பு) சீல் மூன்றில் ஒன்று சோர்ந்திருக்கிறது.

மீட்டருக்கு இப்போது வரலாம். டாஷ்போர்டு மானிட்டரை மாற்றுவது அரைமணி வேலை. இன்ஜின் கம்ப்யூட்டருக்குள் தனியாக ஓட்ட நேரம் பதிந்திருக்கும். அதை மென்பொருளில் எடுத்து அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் இன்ஜின் கணக்கையே நம்புங்கள், ஆனால் இன்ஜினும் மாற்றப்பட்டதா என்று இன்ஜின் எண்ணைச் சரிபாருங்கள். டிராவல் பெடல் ரப்பரும் ஜாய்ஸ்டிக் மேல் இருந்த எழுத்தும் முழுசாகத் தேய்ந்துபோயிருக்க, மீட்டர் 6,000 என்றால் அது முதல் சுற்று 6,000 அல்ல. அடையாளத் தகட்டில் உள்ள சீரியல் எண் சட்டத்தில் அடித்த எண்ணோடு ஒன்றா, தகட்டின் ரிவெட் புதியதா என்பதும் முக்கியம். திருட்டு இயந்திரம் விலை குறைவாகத்தான் வரும்.

கேள்வி: மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியோடு வந்த புதிய தலைமுறை இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறது. எங்கள் டீசல் தரம் சுமார்தான். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அமெரிக்காவின் டியர் 4, ஐரோப்பாவின் ஸ்டேஜ் 5 என்னும் மாசு வரம்புகளுக்கேற்ற இன்ஜின்கள் மிகக் குறைந்த கந்தகமுள்ள டீசலுக்காக வடிவமைக்கப்பட்டவை; அமெரிக்காவில் 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு), ஐரோப்பாவில் 10 பிபிஎம். கந்தகம் நூற்றுக்கணக்கில் இருக்கும் டீசலை ஊற்றினால் புகைக்குழாயில் உள்ள வினையூக்கி நஞ்சேறிச் செயலிழக்கும். கரி வடிகட்டி தானாக எரித்துச் சுத்தமாகிக்கொள்ள முடியாமல் அடைக்கும். பின் அழுத்தம் ஏறும், கம்ப்யூட்டர் சக்தியைக் குறைக்கும், கடைசியில் இயந்திரம் ஊர்ந்துதான் போகும். புகையைச் சுத்தம் செய்ய 32.5 சதவீத யூரியாக் கரைசல் கேட்கும் மாடல் என்றால் அதுவும் தொடர்ந்து சுத்தமாகக் கிடைக்க வேண்டும். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றியவர்கள் அதைத் தெளிக்கும் இன்ஜெக்டரில் கல் படிந்து அவதிப்பட்டிருக்கிறார்கள்.

‘எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிடலாம்’ என்று சொல்லும் இடைத்தரகரை நம்பாதீர்கள். கம்ப்யூட்டர் நிரல் அந்தக் கருவிகளை எதிர்பார்த்தே எழுதப்பட்டது. சில தயாரிப்பாளர்கள் சில மாடல்களுக்கு மட்டும், விதி தளர்வான நாடுகளுக்குப் போகும்போது மாற்றிப் பொருத்தும் கிட்டை முறைப்படி தருகிறார்கள். உங்கள் சீரியல் எண்ணுக்கு அது உண்டா என்று வாங்குவதற்கு முன் எழுதிக் கேட்டுப் பதில் வாங்குங்கள். அதற்கு முந்தைய டியர் 3 நிலை இயந்திரம் கிடைத்தால் தயங்காமல் அதை எடுங்கள்.

எந்த இன்ஜினாக இருந்தாலும், கந்தகம் அதிகமான டீசலில் ஆயிலின் காரத்தன்மை சீக்கிரம் தீர்ந்துவிடும். கையேடு 500 மணி என்றால் 250 மணியில் ஆயிலை மாற்றுங்கள்.

கேள்வி: பேரலில் டீசல் வாங்கி ஊற்றுகிறோம். ஒரே ஆண்டில் இரண்டாவது முறை இன்ஜெக்டர் போய்விட்டது. டீலர் டீசலைக் குறை சொல்கிறார், டீசல்காரர் இயந்திரத்தைக் குறை சொல்கிறார்.

பதில்: டீலர் சொல்வதே சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். காமன் ரெயில் என்னும் உயர் அழுத்த டீசல் அமைப்பில் அழுத்தம் 2,000 பார் வரை போகிறது. இன்ஜெக்டர் உள்ளே நகரும் பாகங்களின் இடைவெளி சில மைக்ரான்தான்; தலைமுடி 70 மைக்ரான் தடிமன். ஒரு துளித் தண்ணீரும் ஒரு சிட்டிகைத் தூசியும் போதும்.

பேரலிலிருந்து நேராக இயந்திரத்துக்கு ஊற்றுவதை முதலில் நிறுத்துங்கள். நடுவே ஒரு தொட்டி வையுங்கள். அடி ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கட்டும், தாழ்ந்த மூலையில் வடிகுழாய். டீசல் ஊற்றிய பின் 24 மணி நேரம் தெளிய விட்டு, தண்ணீரையும் வண்டலையும் வடித்த பிறகே எடுங்கள். உறிஞ்சும் குழாய் அடியிலிருந்து 10 சென்டிமீட்டராவது மேலே நிற்க வேண்டும். மாற்றும் பம்ப்பில் 10 மைக்ரான் ஃபில்டரும் தண்ணீர் பிரிப்பானும் போடுங்கள். இயந்திரத்தின் டேங்க்கை மாலையில் வேலை முடிந்ததும் நிரப்புங்கள். காலியாக விட்டால் இரவுக் குளிரில் உள்காற்றின் ஈரம் தண்ணீராகச் சொட்டும். தினமும் காலையில் கிளப்புமுன் இயந்திரத்தின் பிரிப்பானைத் திறந்து, சுத்த டீசல் வரும்வரை வடியுங்கள்.

பலர் செய்யும் தவறு ஒன்று: புதிய டீசல் ஃபில்டரை மாட்டுமுன் சீக்கிரம் கிளம்பட்டும் என்று வாளியிலிருந்து டீசலை ஊற்றி நிரப்புவார்கள். நடுத்துளை வழியாக ஊற்றினால் அது வடிகட்டப்படாமல் நேரே ஹை பிரஷர் பம்ப்புக்குப் போகிறது. ஃபில்டரைக் காலியாகவே மாட்டி, கைப்பம்ப்பால் அடித்து நிரப்புங்கள். கை வலிக்கும், இன்ஜெக்டர் மிஞ்சும்.

கேள்வி: மெயின் பம்ப் உடைந்து புதியது போட்டோம். 300 மணியில் அதுவும் போய்விட்டது. சப்ளையர் போலிப் பம்ப் தந்துவிட்டாரா?

பதில்: இருக்கலாம். ஆனால் முதல் பம்ப் உடைந்தபோது அதன் பித்தளை, இரும்புத் துகள் அமைப்பு முழுக்கப் பரவியிருக்கும். அதை எடுக்காமல் புதுப் பம்ப் போட்டிருந்தால், அது எந்த நிறுவனத்தின் பம்ப்பாக இருந்தாலும் இதே கதிதான்.

ஹைட்ராலிக் டேங்க்கை முழுசாக வடித்து, உள்ளே நூல் உதிராத துணியால் துடைக்க வேண்டும்; பஞ்சு வேஸ்ட் கூடாது. உறிஞ்சும் வலையைக் கழுவுங்கள். ஆயில் கூலரின் மெல்லிய குழாய்களுக்குள் சிக்கிய துகளை முழுதாக எடுப்பது கடினம், முடிந்தால் மாற்றுங்கள். சிலிண்டர்களில் ஹோஸைக் கழற்றி, உள்ளிருக்கும் பழைய எண்ணெயை முழுதும் தள்ளி வெளியேற்றுங்கள். கண்ட்ரோல் வால்வின் ரிலீஃப் வால்வுகளையும் பைலட் ஃபில்டரையும் திறந்து பாருங்கள். புதுப் பேரல் எண்ணெயையும் ஃபில்டர் வண்டி (பம்ப்பும் ஃபில்டரும் பொருத்திய தள்ளுவண்டி) வழியாகவே ஊற்றுங்கள். எண்ணெயில் உள்ள துகள்களை எண்ணும் ஐஎஸ்ஓ 4406 கணக்கில் 18/16/13 அளவு சுத்தம் இலக்கு என்றால், பேரலில் வருவது பெரும்பாலும் அதைவிட அழுக்கு. பம்ப்பின் உடலுக்குள் எண்ணெய் நிரப்பி, காற்றை வெளியேற்றிய பிறகே கிளப்ப வேண்டும். உலர்ந்த பம்ப் முதல் நிமிடத்திலேயே கீறிக்கொள்ளும். பத்துப் பதினைந்து நிமிடம் குறைந்த வேகத்தில், சுமை இல்லாமல் ஓட்டுங்கள். 50 மணியில் ரிட்டர்ன் ஃபில்டரை மாற்றி, கழற்றியதில் துகள் இருக்கிறதா என்று அறுத்துப் பாருங்கள்.

போலி ஃபில்டர்மீது சந்தேகம் இருந்தால் ஒரே பார்ட் நம்பரில் டீலரிடம் ஒன்றும் சந்தையில் ஒன்றும் வாங்கி, இரண்டையும் ரம்பத்தால் அறுத்து மேசையில் வையுங்கள். மடிப்புகளை எண்ணுங்கள். போலியில் மடிப்பு குறைவு, இடைவெளி சீரற்று இருக்கும். காகிதம் மூடியோடு சேரும் இடத்தில் பசை விட்டுப்போயிருக்கும். பைபாஸ் வால்வின் ஸ்பிரிங்கை விரலால் அழுத்திப் பாருங்கள். அது தொளதொளவென்று இருந்தால் அழுக்கு எண்ணெய் காகிதத்தைத் தொடாமலே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

கேள்வி: சிஐஎஃப் விலைக்கு வாங்கினோம், காப்பீடு விற்பவரே எடுத்தார். துறைமுகத்தில் பார்த்தால் கண்ணாடி உடைந்து, பூம் சிலிண்டர் ராடில் அடி. தன் பொறுப்பு இல்லை என்கிறார்.

பதில்: அவர் சொல்வது விதிப்படி சரி. சிஐஎஃப் என்றால் கப்பல் கூலியும் காப்பீடும் அவர் செலவு. ஆனால் சரக்கு ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலில் ஏறிய கணமே ஆபத்து உங்கள் தலையில். இன்கோடெர்ம்ஸ் 2020 என்னும் சர்வதேச வணிகச் சொல் விதிப்படி சிஐஎஃப்-இல் அவர் எடுக்க வேண்டியது குறைந்தபட்சக் காப்பீடான ‘சி’ பிரிவு மட்டுமே. கப்பல் மூழ்கியது, தீப்பிடித்தது போன்ற பெரிய விபத்துகளுக்குத்தான் அது. அடுத்த முறை ‘ஏ’ பிரிவுக் காப்பீடு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், அல்லது சிஐபி விதியில் (இதிலும் கூலியும் காப்பீடும் விற்பவர் செலவு) வாங்குங்கள்; அதில் ‘ஏ’ பிரிவு கட்டாயம். இப்போதைக்கு, சேதத்தைப் பொருள் பெற்ற ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியாத சேதம் என்றால், ஹேக்–விஸ்பி என்னும் கடல்வழிச் சரக்கு விதிகள் பொருந்தும் சரக்குகளுக்கு 3 நாளுக்குள் கப்பல் நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்ல வேண்டும்.

லெட்டர் ஆஃப் கிரெடிட் (பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதம்) இருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். வங்கி காகிதத்தைப் பார்த்துப் பணம் தரும், இயந்திரத்தைப் பார்க்காது. அதனால் ஏற்றுவதற்கு முன் மூன்றாம் தரப்பு ஆய்வாளரின் சான்றிதழையும் அந்தக் காகிதங்களில் ஒன்றாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பழைய இயந்திரம் என்றால் டிராக் இடுக்கில் மண் இல்லாமல் கழுவியிருக்கிறார்களா என்பதையும் அவர் பார்க்கட்டும். மண்ணோடு வரும் பூச்சி, விதையைக் காரணம் காட்டித் தாவர நோய்த்தடுப்புத் துறை நிறுத்திவைக்கலாம்.

கேள்வி: பிரேக்கர் உளி அடிக்கடி உடைகிறது. வேறு கம்பெனி உளி வாங்கலாமா?

பதில்: உடைந்த முகத்தைப் பாருங்கள். ஒரு கீறலிலிருந்து சிப்பி வரிகள்போல் விரிந்திருந்தால், உளியை நெம்புகோலாக வைத்துக் கல்லைப் புரட்டியிருக்கிறார் ஆபரேட்டர். அவரிடம் பேசுங்கள், கம்பெனியை அப்புறம் மாற்றலாம். ஒரே இடத்தில் 15 விநாடிக்கு மேல் அடிக்கக் கூடாது. உடையாவிட்டால் இடம் மாற்ற வேண்டும். கல் உடைந்ததும் நிறுத்த வேண்டும், வெறுங்காற்றில் அடித்தால் பின்னும் போல்ட்டும் போகும். கொதிக்கும் உளியைத் தண்ணீரில் போட்டால் மெல்லிய வெடிப்பு விழும். கிரீஸ் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, உளியைக் கல்லின்மேல் ஊன்றி உள்ளே தள்ளிய நிலையில் அடியுங்கள். தொங்கவிட்டு அடித்தால் கிரீஸ் பிஸ்டனுக்கும் உளிக்கும் நடுவில் போய் உட்காரும்.

கேள்வி: ஜா கிரஷருக்கு (இரு தாடைப் பிளேட்டுகளுக்கு நடுவே கல்லை நொறுக்குவது) 18 சதவீத மாங்கனீஸ் பிளேட் என்று சொல்லி ஒருவர் பாதி விலைக்குத் தருகிறார். எப்படிச் சோதிப்பது?

பதில்: மேல் தோலைக் கொஞ்சம் கிரைண்டரில் தேய்த்துவிட்டுக் காந்தத்தை வையுங்கள். சரியாகச் சூடேற்றித் தண்ணீரில் குளிரவைத்த மாங்கனீஸ் எஃகில் காந்தம் ஒட்டாது. நன்றாக ஒட்டினால் சாதாரண வார்ப்பு, அல்லது சூட்டுப் பதம் தப்பியது. இரண்டாவது என்றால் பிளேட் நடுவில் இரண்டாகப் பிளக்கும். உண்மையிலேயே எத்தனை சதவீதம் என்பது ஆய்வுக்கூடச் சான்றிதழில்தான் தெரியும். அதில் பிளேட்டின் வார்ப்பு எண் இருக்க வேண்டும்.

ஆனால் நல்ல பிளேட்டும் எல்லாக் கல்லுக்கும் தாங்காது. மாங்கனீஸ் எஃகு புதிதில், பிரினெல் என்னும் கடின அளவில் 200தான். கல்லின் அடி வாங்க வாங்க மேல் தோல் 450-க்கு மேல் இறுகும். கிரஷருக்குள் மண்ணும் சிறு ஜல்லியுமாகப் போனால் அடி கிடைக்காது, அரைபடுவது மட்டும் நடக்கும், பிளேட் இறுகாமலே தேயும். சல்லடைக் கம்பி வைத்துப் பொடியை முன்பே பிரித்துவிடுங்கள். வாயகலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் பெரிய கல்லைப் போடாதீர்கள். கீழ்ப்பகுதி சீக்கிரம் தேயும் என்பதால் பற்கள் மழுங்குமுன் பிளேட்டைத் தலைகீழாகத் திருப்புங்கள். புதிதாக மாட்டியபின் முதல் சில மணி நேரத்தில் ஆப்பு போல்ட்டுகளை மறுபடி இறுக்க மறந்தால், ஆடும் பிளேட் கிரஷரின் உடலையே தின்றுவிடும்.

கேள்வி: களத்தில் எந்தெந்த உதிரிபாகத்தைக் கையிருப்பு வைக்கலாம்?

பதில்: ஒரு 20 டன் இயந்திரத்துக்கு, 1,000 மணிக்கான ஃபில்டர்கள் (250 மணிக்கு ஒருமுறை மாற்றுகிறவர்களுக்கு இன்ஜின் ஆயில் ஃபில்டர் மட்டும் 4), பின்னோடு இரண்டு செட் பல், ஃபேன் பெல்ட், ஓ-ரிங் பெட்டி, ஃபியூஸ், ரிலே, டிராக் ஷூ (செயினில் மாட்டிய தகடு) போல்ட் 20. ஹோஸில் பூம் சிலிண்டருக்குப் போவது, பிரேக்கருக்குப் போவது இரண்டிலும் ஒவ்வொன்று. ஹோஸ் வெடித்தால் எண்ணெயும் போகும், ஆகவே ஒரு பேரல் ஹைட்ராலிக் எண்ணெய் திறக்காமல் இருக்கட்டும். ஹோஸை வெட்டி முனை அழுத்தித் தருபவர், உள்ளே விழுந்த ரப்பர்த் தூளைச் சுத்தம் செய்து இரு முனையிலும் மூடி போட்டுத் தர வேண்டும். மூடி இல்லாமல் பையில் தூக்கிப் போட்டுத் தருபவரிடம் மறுமுறை போகாதீர்கள்.

கேள்வி: டிராக் செயின் இறுக்கமாக இருப்பது நல்லதா?

பதில்: இல்லை. ஒரு பக்கத்தைத் தூக்கிச் செயினைச் சுற்றவிட்டு நிறுத்தி, சட்டத்தின் நடு அடிப்பகுதிக்கும் தொங்கும் ஷூவின் மேற்புறத்துக்கும் இடைவெளியை அளங்கள். 20 டன் வகையில் பல மாடல்களுக்கு 300 முதல் 340 மி.மீ. வரை, உங்கள் மாடலின் கையேட்டு எண்ணே இறுதி. சேற்றில் வேலை என்றால் சற்றுத் தளர்வாக விடுங்கள், ஏனென்றால் ஸ்ப்ராக்கெட்டில் சேறு அடைந்து செயின் தானாகவே விறைக்கும். செயினை இறுக்கி வைப்பது உள்ளே அடைத்த கிரீஸ்; தளர்த்தும்போது அதன் வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திறக்காதீர்கள், முகத்தை அதன் நேரே வைக்காதீர்கள். உள்ளிருக்கும் கிரீஸ் தோலைத் துளைக்கும் வேகத்தில் பீய்ச்சும். கிரீஸ் வரவில்லை என்றால் வால்வை மேலும் திறக்காமல், செயினை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள்.